பின்சீட்டில் ஐம்பத்தெட்டு கிலோ

3 பிப்ரவரி, திங்கள்

ஏய் கெளுத்தி,

இது உனக்கு எழுதுவதற்காகக் கொடுத்த நோட்டு இல்லை. கயாக் பயிற்சிக்கு வந்திருக்கும் எட்டுப் பெண்களுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். தினமும் எத்தனை நிமிஷம் துடுப்புப் போட்டோம், உடம்பில் எங்கே வலிக்கிறது, இந்த இரண்டையும் எழுத வேண்டுமாம். சனிக்கிழமைதோறும் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஷீபா மேடம் வாங்கிப் பார்ப்பார். அதற்கென்ன, மேடத்துக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன். உனக்கு முதல் பக்கத்திலிருந்து. இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளும்வரை எழுதலாம்.

எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நான் ஐந்தாவது வரை படித்தவள். நீ மூன்றாவது.

பத்தொன்பது வருஷம் ஊர் கேட்க உன்னை "என்னங்க" என்றுதான் கூப்பிட்டேன். உன் மீசையைப் பார்த்து நான் வைத்த கெளுத்தி என்ற பெயர், கதவு சாத்திய பிறகுதான் வெளியே வரும். நோட்டில் யார் கேட்கப் போகிறார்கள்? ஆகையால் இங்கே நீ, வா, போதான். பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்து சொல்.

விஷயம் இதுதான். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மீனவர் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். செங்கரடு அணையில் வலை போட வேண்டும் என்றால் ஒரு பரிசலுக்கு இரண்டு ஆள் இருந்தே ஆக வேண்டும். ஒருத்தியாகப் போகக்கூடாது. மற்ற எல்லாருக்கும் ஜோடி இருக்கிறது. உன் தங்கை கோகிலாவுக்கு வலையை விடவும் தெரியாது, இழுக்கவும் தெரியாது.

"கரையில உக்காந்து மீனு பிரிச்சுக் குடு மாதம்மா. நெழலு இருக்குது, ஃபேனு இருக்குது, உனக்கென்னா கொற?" என்றார் தலைவர்.

ஃபேன் இருக்கிறதாம். துடுப்புப் போடுகிறவளுக்கு ஃபேன் எதற்கு?

அந்தச் சமயத்தில்தான் இந்தக் கயாக் வந்து இறங்கியது. அணையைப் பார்க்க வருகிறவர்கள் ஓட்டிச் சுற்றுவதற்காக ஆறு மஞ்சள் படகு. நீளமாக, ஒல்லியாக, ஒருவர் பின்னால் ஒருவர் உட்காருகிற மாதிரி இருக்கிறது. விழுந்தால் தூக்கிவிட, வழி தப்பினால் கூட்டி வர, மீன்காரக் குடும்பத்துப் பெண்கள் நான்கு பேரை வேலைக்கு எடுக்கிறார்கள். மார்ச் ஒன்றாம் தேதி டெஸ்ட். எட்டுப் பேரில் நாலு பேருக்குத் தண்ணீர், நாலு பேருக்குக் கரை.

இதில் தேறவில்லை என்றால் அப்புறம் எனக்குத் தண்ணீர் கிடையாது. குளிக்கிறது மட்டும்தான்.

4 பிப்ரவரி, செவ்வாய்

இன்றைக்கு முதல் தடவை ஏறினேன். ஏறி என்ன செய்தேன்? நின்ற இடத்திலேயே ஏழு சுற்றுச் சுற்றினேன். கரையில் நின்றவர்கள் எண்ணினார்கள்.

தப்பு என்மேல் இல்லை. பரிசலில் நான் முன்னால் மண்டிபோட்டு, தண்ணீரை என் பக்கம் இழுத்தால் பரிசல் வரும். இங்கே அப்படி இழுத்தால் மூக்கு மட்டும் திரும்புகிறது. துடுப்புக்கு வேறு இரண்டு பக்கமும் அகப்பை. ஒரு அகப்பை தண்ணீரில் இருக்கும்போது இன்னொன்று என் தலையில் தண்ணீர் ஊற்றுகிறது.

"அக்கா, இழுக்காதீங்க. பின்னால தள்ளுங்க," என்று மேடம் கத்தினார். மேடத்துக்கு இருபத்தேழு வயசு. நாகர்கோவில் பக்கம். காலேஜில் படித்தபோது கயாக் போட்டியில் மெடல் வாங்கினவர். கழுத்தில் விசில் தொங்கும்.

"பத்தொம்போது வருசமா இழுத்துத்தான் பழக்கம்மா."

"அது பரிசல்."

"தண்ணி அதே தண்ணிதானே?"

மேடம் விசில் ஊதிவிட்டார். பதில் தெரியாதபோது ஊதுவார் போலிருக்கிறது.

ஜோடி பிரித்தார்கள். எனக்குக் கோகிலா. அவள் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், அவள் இங்கே என் உயிரை வாங்குகிறாள். மீன்காரன் வீட்டில் பிறந்தும் அவளுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம். ஆனால் வேலைக்கு மட்டும் வந்துவிட்டாள்.

"கனமா இருக்கறவங்க பின்னாடி உக்காரணும். பின்னாடி இருக்கறவங்கதான் படக திருப்பணும்," என்றார் மேடம்.

"யாரு கனம்?" என்றேன்.

"கேள்வியப் பாரு," என்றாள் கோகிலா. "நம்ம ரெண்டு பேரையும் தராசுல வெச்சா நான் மேல போயி மாங்கா பறிப்பேன் அண்ணி."

பின்னால் உட்கார்ந்தால் எனக்குத் தலை சுற்றும் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில்கூட முன்சீட்தான் என்றேன். சேலத்துக்குப் போகும்போதெல்லாம் நீயும் நானும் கடைசி சீட்டில் முறுக்கு தின்றுகொண்டு போனது மேடத்துக்கு எப்படித் தெரியும்? கோகிலாவுக்குத் தெரியும். என்னைப் பார்த்தாள். தானே போய்ப் பின்சீட்டில் ஏறினாள்.

நான் முன்னால், அவள் பின்னால். கோணல் மாணலாகப் போய்க் கோரைப்புல்லில் சொருகி நின்றோம்.

மேடத்துக்கு எழுதியது: 30 நிமிஷம். வலி இல்லை.

6 பிப்ரவரி, வியாழன்

காற்று. இரண்டு தடவை கவிழ்ந்தோம். உன் தங்கை குடித்த தண்ணீரில் அணை ஓர் அடி இறங்கியிருக்கும்.

8 பிப்ரவரி, சனி

காலையில் கேஸ் வந்தது. துணி துவைத்தேன். கோழி முட்டையிடும் இடத்தை மாற்றிவிட்டது. கூடையை விட்டுவிட்டு மூலையில் கிடக்கும் உன் வலைக் குவியலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த வலையை மடித்து எடுத்து வைக்க வேண்டும். நேரம் இல்லை. வீட்டில் நானும் கோழியும் மட்டும்தான், இருந்தாலும் நேரம் இல்லை.

மேடம் நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். மற்றவர்கள் தோள், இடுப்பு, முட்டி என்று பட்டியல் எழுதியிருக்கிறார்கள்.

"அஞ்சு நாளும் வலி இல்லன்னு எழுதிருக்கீங்க?"

"இல்லீங்க."

"கையக் காட்டுங்க."

காட்டினேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"இது என்னக்கா?"

"அது கைதானே. வலி கையில இல்ல."

அப்புறம் எங்கே என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. நல்லவேளை, யாரோ கவிழ்ந்தார்கள்.

10 பிப்ரவரி, திங்கள்

இன்றைக்குத் தனியாக ஓட்டப் பழக்கினார்கள். டெஸ்டில் இரண்டு பகுதி. முதலில் ஒவ்வொருத்தியும் தனியாக ஐந்நூறு மீட்டர், ஏழு நிமிஷத்துக்குள். அப்புறம் ஜோடியாக ஒரு கிலோமீட்டர், பத்து நிமிஷத்துக்குள். சிவப்பு மிதவையைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். இரண்டிலும் தேறினால்தான் தேர்ச்சி.

இரண்டு பேர் படகில் ஒருத்தி மட்டும் போனால் பின்சீட்டில் உட்கார வேண்டுமாம். எந்த ஊர் நியாயம்? பரிசலில் தனியாகப் போனாலும் முன்னால் உட்கார்ந்துதான் இழுப்போம். நான் முன்னால்தான் ஏறினேன். படகின் மூக்கு தண்ணீருக்குள் போய்விட்டது. வால் மேலே எழும்பிவிட்டது. காற்று வாலைப் பிடித்துத் திருப்புகிறது. நான் கிழக்கே போக, படகு வடக்கே போகிறது.

"பின்னால போங்கக்கா! பின்னால!"

காது கேட்காதவள் மாதிரி இருந்தேன்.

கரைக்கு வந்ததும் மேடம் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "பின்னால உக்காந்தா என்ன பிரச்னைக்கா? உண்மையச் சொல்லுங்க."

"மூக்கு அமுங்கறதுதானே பிரச்ன? பின்னாடி பாரம் வெச்சாப் போச்சு," என்றேன்.

12 பிப்ரவரி, புதன்

சிமெண்ட் சாக்கு ஒன்று வாங்கி மணல் அள்ளினேன். மீன் நிறுக்கிற தராசில் வாளி வாளியாக நிறுத்து, படகின் பின்சீட்டில் வைத்த சாக்கில் கொட்டினேன். ஐம்பத்தெட்டு கிலோ வந்ததும் வாயைக் கட்டினேன். போன ஆடியில் சங்கத்தில் உடம்பு பார்த்தார்களே, அப்போது உன் சீட்டில் எழுதியிருந்த எடை. வேறு எந்த எடை வைப்பது? ஏதோ ஓர் அளவு வேண்டுமே.

படகுத் துறையில் போர்டு இருக்கிறது. படகில் இருக்கும் எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும் என்று. ஆகவே சாக்குக்கும் ஒன்று மாட்டிவிட்டேன்.

கெளுத்தி, படகு நேராகப் போனது! கோடு கிழித்த மாதிரி. நீ பின்னால் இருந்தபோதுகூட நான் இப்படி நேராகப் போனதில்லை. மூட்டை பீடி பற்ற வைக்கவில்லை. "அந்தப் பக்கம் போடி, விரால் அங்கதான் இருக்கும்," என்று சொல்லவில்லை. தும்மவில்லை. எவ்வளவு நல்ல ஆள்!

துறைக்கு வந்தால் மேடம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"அக்கா, இது யாரு?"

"மூட்டைங்க."

"மூட்டைக்கு எதுக்கு ஜாக்கெட்?"

"போர்டு வெச்சது நீங்கதானே?"

மேடம் விசிலை வாயில் வைத்தார். ஊதாமல் எடுத்துவிட்டார். "டெஸ்ட்ல இது நடக்காது. வேணும்னா இந்த வாரம் மட்டும் வெச்சுப் பழகிக்குங்க," என்றார். நல்ல பிள்ளை.

13 பிப்ரவரி, வியாழன்

கோகிலா மூட்டையைப் பார்த்துவிட்டாள். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணி, ஆளு கொஞ்சம் குள்ளம். கலரு பரவால்ல. மீச ஒண்ணுதான் இல்ல."

அதைச் சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. கரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணா, அண்ணா என்று. மூக்கைச் சிந்த என் முந்தானையைக் கொடுத்தேன்.

"உங்களுக்கு அழுவையே வரலியா அண்ணி? அன்னிக்கும் நீங்க அழுவல. ஊரே பேசுச்சு."

"படகக் கழுவணும்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். படகைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவிய படகுதான்.

15 பிப்ரவரி, சனி

இன்றைக்கு நடந்ததை நான் சொல்வதற்கு முன்னால் கோகிலா உன் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் சொன்னதில் பாதிதான் உண்மை.

மேற்குக் கரை ஓரம் தண்ணீருக்குள் பட்டமரங்கள் நிற்குமே, அங்கே போனேன். தண்ணீருக்கு அடியில் இருந்த கட்டை இடித்துப் படகு கவிழ்ந்தது. நான் ஒரு பக்கம், மூட்டை ஒரு பக்கம். மூட்டையில் மாட்டிய ஜாக்கெட் கழன்று மேலே வந்தது. மூட்டை வரவில்லை.

எடுக்கலாம் என்று மூழ்கினேன். ஜாக்கெட்டோடு மூழ்க முடியவில்லை, என் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு மூழ்கினேன். மூன்று தடவைதான். கோகிலா ஆறு தடவை என்று சொல்லியிருப்பாள். இரண்டு ஆள் ஆழம். சேறு. ஒன்றும் தெரியவில்லை. கையால் துழாவினேன். நான்காவது தடவை மூழ்கப் போனபோது மேடம் வந்து என் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தன் படகின் விளிம்பைப் பிடிக்க வைத்தார்.

"பைத்தியமாக்கா உங்களுக்கு? மண்ணு! வெறும் மண்ணு!"

"கட்டி வெச்சது போயிருச்சேன்னு..."

"கரை முழுக்க மண்ணுதான் கெடக்குது அண்ணி," என்று துறையிலிருந்து கோகிலா கத்தினாள்.

ஜாக்கெட்டைக் கழற்றியதற்காக நான் மூன்று நாள் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் மேடம். இன்னொரு தடவை கழற்றினால் டெஸ்டே கிடையாதாம். தலைமுடி இன்னும் எரிகிறது. மேடத்துக்கு எழுதியது: வலி, தலைமுடி.

18 பிப்ரவரி, செவ்வாய்

மூன்று நாளாகச் சங்கத்துக் கொட்டகையில் மீன் பிரித்தேன். ஜிலேபி தனி, கெண்டை தனி, பொடி தனி. ஃபேன் ஓடியது. தலைவர் சொன்னது சரிதான், நிழல் இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பரிசல்கள் போவது தெரிகிறது. ஒவ்வொரு பரிசலிலும் முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருவன்.

நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

20 பிப்ரவரி, வியாழன்

சரி, அன்றைக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் உனக்குத் தெரிந்தது பின்னாலிருந்து. எனக்குத் தெரிந்தது முன்னாலிருந்து.

விடிந்து வெளிச்சம் வந்த பிறகுதான் கிளம்பினோம். நான் இழுத்தேன். நீ பின்னால் வலையை விட்டுக்கொண்டு வந்தாய். வழக்கத்தைவிட மெதுவாக விட்டாய். பரிசல் போகிற வேகத்துக்கு வலை வரவில்லை.

"என்னங்க, வலைய விடறீங்களா, தாலாட்டறீங்களா?" என்று கேட்டேன்.

நீ "ம்" என்றாய்.

வலை முழுக்க விட்டு முடிந்ததும் கரைக்குத் திருப்பினேன். நாற்பது நிமிஷம். நீ பேசவில்லை. கோபித்துக்கொண்டாய் என்று நினைத்தேன். நீ கோபித்தால் நான் விடுவேனா? வழி முழுக்க நானே பேசினேன். கூரைத் தகரம் ஒழுகுவதைப் பற்றி, நீ பீடியை விடாததைப் பற்றி, எனக்கு வாய்த்த ஆள் சும்மா பின்னால் உட்கார்ந்து வருகிற மகாராஜா என்பதைப் பற்றி. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பரிசல் இழுக்கிறவள் திரும்பினால் பரிசல் சுற்றிக்கொள்ளும். அது ஒரு காரணம். திரும்ப எனக்கு இஷ்டம் இல்லை, அது இன்னொரு காரணம்.

கரையில் இறங்கி ஒரு கையால் பரிசலை இழுத்தாய். "நீ போ, டீ குடிச்சுட்டு வரேன்," என்றாய். அணையின் எந்த மூலையில் தள்ளிவிட்டாலும் நீந்தி வருகிற ஆள், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி போய்விட்டாய்.

டாக்டர் சொன்னார், நெஞ்சு வலி ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே வந்திருக்கும் என்று.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நீ எனக்குப் பின்னால் இருந்தாய்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "அவன் கூப்பிட்டிருப்பான், இந்த வாயாடிக்குக் கேட்டிருக்காது," என்பார்கள். அவர்கள் சொல்ல வேண்டாம். நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது தெரிகிறதா, பின்சீட்டைக் காலியாக விட்டுவிட்டு அதற்கு முன்னால் உட்கார என்னால் முடியவில்லை. அந்த இடத்தில் நானே போய் உட்காரவும் முடியவில்லை.

கோழி இன்றைக்கு முட்டையிடவில்லை.

21 பிப்ரவரி, வெள்ளி

கோகிலாவிடம் சொல்லிவிட்டேன். துறையில் ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். கையில் வேலை இருந்ததால் சொல்ல முடிந்தது.

திட்டுவாள் என்று நினைத்தேன். கொக்கியை மாட்டினாள், கழற்றினாள், மாட்டினாள்.

"அதான் அழுவலியா?" என்றாள்.

"அழுதா எல்லாருக்கும் தெரிஞ்சிருமேன்னு."

"நீங்க அழுவாததுதான் அண்ணி எல்லாருக்கும் தெரிஞ்சுது."

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு சண்டைக்கு வந்தாள். "இத்தினி நாளா உங்களுக்குப் பின்னாடி உக்காந்து நான் செத்துச் செத்துப் பொழைக்கறேன். எனக்குத் திருப்பவே வரல. பின்னாடி யாருமில்லாம வெறும் தண்ணி மட்டும் இருக்கறது முதுகுல ஐஸ் வெச்ச மாதிரி இருக்குது. எனக்கும் பின்னாடி ஒரு ஆளு வேணாமா? அண்ணன் உங்களுக்கு மட்டுந்தான் பின்னாடி இருக்கணுமா?"

"எனக்குத் தல சுத்தும்டி."

"சேலம் பஸ்ஸுல கடைசி சீட்டுல முறுக்குத் தின்னதெல்லாம் எனக்குத் தெரியும். வாங்க."

24 பிப்ரவரி, திங்கள்

பின்சீட்டில் உட்கார்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை. வானம் அதே இடத்தில்தான் இருந்தது.

ஆனால் கெளுத்தி, உன்மேல் எனக்குக் கோபம். பின்னால் உட்காருகிறவருக்கு இவ்வளவு வேலை என்று ஏன் நீ சொல்லவில்லை? முன்னால் இருப்பவள் தன் பாட்டுக்குத் துடுப்பை வீசுகிறாள். அவள் வேகத்துக்கு நான் போட வேண்டும். அவள் இடது பக்கம் சாய்ந்தால் நான் வலது பக்கம் சரிக்கட்ட வேண்டும். திருப்புவதும் நான்தான். அவளுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. படகு தானாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வருகிறாள்.

சும்மா வருகிற மகாராஜா என்று நான் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முழுக்க வாங்க மாட்டேன். பீடி பிடித்தாய்.

தண்ணீரைப் பின்னால் தள்ளவும் இப்போதுதான் வந்தது. கோகிலாவின் தோளைப் பார்த்துப் பார்த்துப் போட்டதில் தானாக வந்துவிட்டது. மேடம் கரையில் குதித்தார்.

"அக்கா! இதான்! இதான்! என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. இவ முதுகத் தவிர பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல, அதயே பாத்தேன்."

27 பிப்ரவரி, வியாழன்

பதினோரு நிமிஷம். இன்னும் ஒரு நிமிஷம் குறைய வேண்டும். கோகிலா வாயை மூடினால் குறையும்.

1 மார்ச், சனி

டெஸ்ட் முடிந்தது. முழுக்க எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் ஸ்டாப் வாட்ச். சங்கத் தலைவரும் வந்திருந்தார். "கொட்டாயில உனக்கு எடம் வெச்சிருக்கறேன் மாதம்மா," என்றார் நல்ல மனசோடு. "அந்த எடத்துல ஃபேன வெச்சுக்குங்க," என்றேன்.

தனியாக ஓட்டுவது முதலில். நேராகப் பின்சீட்டில் போய் உட்கார்ந்தேன். முன்சீட் காலியாக இருந்தது. அதில் வெயில் மட்டும் உட்கார்ந்திருந்தது. மூக்கு நிமிர்ந்தது, வால் அமர்ந்தது. ஆறு நிமிஷம் இருபது நொடி. எனக்குப் பின்னால் தண்ணீர் மட்டும்தான். முதுகு கொஞ்சம் சில்லென்றுதான் இருந்தது. பரவாயில்லை.

கோகிலா ஆறு நிமிஷம் ஐம்பத்தெட்டு நொடியில் உயிரோடு வந்து சேர்ந்தாள். இறங்கியதும் வாந்தி எடுத்தாள். அதை டெஸ்டில் சேர்க்கவில்லை.

அப்புறம் ஜோடி. மேற்கிலிருந்து காற்று வர ஆரம்பித்துவிட்டது. போகும்போது எதிர்காற்று. கோகிலா முன்னால் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போட்டாள். சிவப்பு மிதவையைச் சுற்றித் திருப்பினேன். திருப்பி முடிக்கும்போது என் வலது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டது. சாதாரணப் பிடிப்பு இல்லை. யாரோ உள்ளே கையை விட்டு நரம்பை முறுக்குகிற மாதிரி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கோகி என்று கூப்பிட வாயைத் திறந்தேன்.

கூப்பிட்டால் அவள் திரும்புவாள். அவள் திரும்பினால் படகு கவிழும். அது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்கிறேன். ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவள் துடுப்பு அப்போதுதான் சரியாக விழுந்துகொண்டிருந்தது. வலது, இடது, வலது, இடது. அவள் கழுத்து, தோள், பின்னல் எல்லாம் ஒன்றாக ஆடின. பயந்தாங்கொள்ளிக் கோகிலா இல்லை அது. வேறு யாரோ. எனக்கு அதைக் கலைக்க மனசு வரவில்லை.

வாயை மூடிக்கொண்டேன். ஒரு கால் விறைத்து நிற்கத் துடுப்புப் போட்டேன். வேகம் கொஞ்சம் குறைந்தது.

"அண்ணி, என்னா தூங்கறீங்களா?" என்றாள், திரும்பாமல்.

நான் "ம்" என்றேன்.

"நல்லா தூங்குங்க. நான் ஒருத்தி உங்களையும் சேத்து இழுத்துட்டுப் போறேன். மகாராணி!"

வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். நான் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டே வந்தேன். கால் வலித்தது. அந்தத் திட்டு எனக்கு வலிக்கவில்லை, கெளுத்தி. சத்தியமாக வலிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் திட்டினால் தேவலை என்றுதான் இருந்தது.

ஒன்பது நிமிஷம் நாற்பத்தொரு நொடி.

படகிலிருந்து என்னால் எழ முடியவில்லை. அப்போதுதான் கோகிலா திரும்பிப் பார்த்தாள். மேடம் ஓடி வந்து காலை நீட்டிப் பிடித்துத் தேய்த்தார். நான்கு பெயர் வாசித்தார்கள். என் பெயர் மூன்றாவது, அவள் பெயர் நான்காவது. அவளுக்கு அது காதிலேயே விழவில்லை.

"மெதவையிலயே புடிச்சுக்கிச்சா? அங்கிருந்து வலியோடயா வந்தீங்க? ஒரு வார்த்த கூப்புட்டா என்னா? நான் பாட்டுக்குத் திட்டிக்கிட்டே வந்தேனே! ஏன் அண்ணி சொல்லல?"

அப்போது எனக்கு அழுகை வந்தது. துறையில், அதிகாரிகள் முன்னால், தலைவர் முன்னால், காலை நீட்டிக்கொண்டு, சத்தம் போட்டு. கால் வலிக்கு இப்படியா அழுவார்கள் என்று ஸ்டாப் வாட்ச் வைத்திருந்தவர் பயந்துபோய் ஜீப்பை எடுக்கச் சொன்னார். கோகிலா மட்டும் என்னைக் கட்டிக்கொண்டு, "அழுவட்டும் வுடுங்க, இது பழைய பாக்கி," என்றாள்.

வீட்டுக்கு வந்து வெந்நீர் வைத்துக் காலில் ஊற்றினேன். சோறு வடித்தேன். இப்போது சாயங்காலம். நடு நோட்டு வந்துவிட்டது. மேடத்துக்கு எழுதியதும் உனக்கு எழுதுவதும் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கின்றன. திங்கட்கிழமையிலிருந்து எனக்குத் தண்ணீரில் வேலை.

நீ கூப்பிடவில்லை என்று இன்றைக்கு முடிவு செய்துவிட்டேன். நான் கேட்காமல் விடவில்லை. நீயே கூப்பிடவில்லை. பின்னால் உட்கார்ந்து பார்த்தவளுக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. நான் கோகிலா மாதிரி இல்லை. நாற்பத்தொரு வயசு. தலையில் ஈரத் துண்டு. தோளில் தையல் விட்ட பச்சை ரவிக்கை. வாய் ஓயாமல் உன்னைத் திட்டிக்கொண்டு போனேன். நாற்பது நிமிஷம், அவ்வளவு வலியோடு, ஒரு வார்த்தை கூப்பிடாமல் பார்த்துக்கொண்டே வந்தாயே கெளுத்தி, அப்படி என்னதான் இருந்தது என் முதுகில்?